முன்பக்கம் தமிழில், பின்பக்கம் ஆங்கிலத்தில்

பாக்கெட், விளம்பரம், தள்ளுபடி, செல்போன் செயலி என்று நம்மை வாங்கவைக்கும் வடிவமைப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். லேபிளும் அட்டைப்பெட்டியும் வடிவமைப்பதுதான் பல வருடங்களாக என் தொழில், அதனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருடமாக 5 ரூபாயாகவே இருக்கிறது. பாக்கெட்டைப் பார்த்தால் சிறிதானதாகத் தெரியவில்லை, பிரித்தால் முன்பிருந்த அளவு இல்லை. இது ஏமாற்று இல்லையா?
*வாசகி, கரூர்*

நிகர எடையைச் சரியாக அச்சிட்டிருக்கும்வரை, எடையைக் குறைத்ததை மட்டும் வைத்துச் சட்டப்படி ஏமாற்று என்று சொல்வது கடினம். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. 5 ரூபாயும் 10 ரூபாயும் வெறும் விலை இல்லை, அவை நாணயங்கள், குழந்தை கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் காசு. பெட்டிக்கடையில் 5 ரூபாய் 60 காசு என்று விலை வைத்தால் சில்லறைக்கு எங்கே போவது? அதனால் மாவு, சர்க்கரை, எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் கம்பெனி விலையைத் தொடாமல் எடையில் கை வைக்கிறது. விலை ஏறினால் அன்றைக்கே கடைவாசலில் பேச்சாகிவிடும், 4 கிராம் குறைந்தால் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் தொழில் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். முகப்புப் படத்தில் எதையும் மாற்றாமல், உள்ளே இருக்கும் தட்டை மட்டும் கொஞ்சம் மாற்றி, ஓரத்தில் ஒட்டும் மடிப்பைக் கொஞ்சம் நீட்டி, கைக்கும் கண்ணுக்கும் பழைய பாக்கெட் போலவே இருக்கும்படி செய்வது. (சிப்ஸ் பாக்கெட்டில் அடைக்கும் காற்றுக்கு வேறு காரணமும் உண்டு. அது நைட்ரஜன், சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் காறாமலும் இருக்க உதவுகிறது. பிஸ்கட்டுக்கு அந்தச் சாக்கு செல்லாது.)

முன்பு பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற பொருள்களை அரசு குறித்துக் கொடுத்த எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 47 கிராமோ 52 கிராமோ, எது வேண்டுமானாலும் போடலாம். அதற்கு ஈடாக ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராம் என்ன விலை என்பதையும் அச்சிடச் சொன்னார்கள். 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கு, அதற்கு மேல் கிலோ கணக்கு, எண்ணெய் மாதிரி என்றால் மில்லி, லிட்டர். இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 5 ரூபாய்க்கு 50 கிராம் என்றால் கிராம் 10 காசு, 45 கிராம் ஆனால் 11 காசுக்கு மேல். தேதி அடிக்கும் இடத்தில், புள்ளி புள்ளியான கறுப்பு எழுத்தில், பெரும்பாலும் மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கும். தேடினால்தான் கிடைக்கும். 'ஃபேமிலி பேக்' என்று பெரிதாக எழுதியதை எடுப்பதற்கு முன் சின்ன பாக்கெட்டின் கிராம் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியது எப்போதும் மலிவு என்பது நம் மனக்கணக்கு, கம்பெனி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

மார்க்கெட்டிங் உத்திகள் எல்லாமே மேல்நாட்டிலிருந்து வந்தவைதானே? எங்கள் பாடப் புத்தகத்தில் எல்லாம் அமெரிக்க உதாரணங்களாகவே இருக்கின்றன.
*கல்லூரி மாணவர், சிதம்பரம்*

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடும் கடலூரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது தம்பி. ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் பழக்கத்துக்கு நம் நாட்டில் முன்னோடி என்று சொல்லப்படுபவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்க முடிய வேண்டும், அதற்கு அளவைச் சிறிதாக்கினால் போதும் என்பது அவர் எண்ணம். குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு அப்படித்தான் பாக்கெட்டில் வந்தது. பிறகு அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அப்பாவின் பெயர் எழுத்துகளிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

அவர்கள் கிராமங்களில் செய்ததை அவரே பேட்டிகளில் விவரித்திருக்கிறார். ஷாம்பு என்றால் என்னவென்றே பழக்கமில்லாத ஊர்களுக்குப் போய், ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, கூட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, முகர்ந்து பார்க்கச் சொல்லி விற்றார்கள். ரஜினிகாந்த் படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டினார்கள். எந்த ஷாம்புவாக இருந்தாலும் 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள், விற்பனை பிடித்ததும் சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள்! முதலில் போட்டியாளரின் வாடிக்கையாளரைக் கூப்பிடுவது, அப்புறம் அவர்களைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வது.

இதை நான் மதிக்கிறேன். தொட்டுப் பார், முகர்ந்து பார், பிறகு வாங்கு என்பதில் வாங்குகிறவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. வாங்கச் சொல்லித் தூண்டுவது எல்லாமே தவறு என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இதுதான். அந்தப் பாக்கெட்டுகள் குப்பையாகி நம் வாய்க்கால்களில் கிடப்பது வேறு விஷயம், அதற்கு எல்லாக் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கு 7 வயது. பாலில் கலக்கும் ஹெல்த் டிரிங்க் டப்பாவில் உயரம், மூளை, எலும்பு என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். இப்போது சிலர் அது ஹெல்த் டிரிங்கே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?
*வாசகி, மதுரை*

சொல்கிறவர்கள் சொல்வது சரி. நம் நாட்டு உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தகத் துறை அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதி, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைத்து விற்கக்கூடாது என்றது. அதே மாதத்தில் ஹார்லிக்ஸும் தன் வகைப் பெயரிலிருந்த 'ஹெல்த்' என்பதை எடுத்துவிட்டு வேறு பெயருக்கு மாறியது. எத்தனை வருடம் நம் வீடுகளில் அந்த வார்த்தை புழங்கியது, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போனோம்! உள்ளே இருக்கும் மாவு மாறியதாக யாரும் சொல்லவில்லை, மேலே எழுதியிருந்த வகைப் பெயர்தான் மாறியது.

டப்பாவை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். முன்பக்கம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் வேலை, எந்த வார்த்தை எந்த அளவில், எந்த நிறத்தில் இருந்தால் கை நீளும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. பின்பக்கம் சட்டம் எழுதச் சொன்னது. சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அது சர்க்கரை கணிசமாக உள்ள பொருள் என்று அர்த்தம். இதிலும் ஒரு வழி இருக்கிறது, சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று இனிப்பை இரண்டு மூன்று பெயர்களாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், மொத்தமாகச் சேர்த்தால்தான் விஷயம் தெரியும். அதனால் சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு 'ஆடட் சுகர்' எவ்வளவு என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு தடவைக்கான அளவில் என்று இன்னொரு வரி பக்கத்தில் இருக்கும். அந்த எண் எப்போதும் அழகாகவே இருக்கும், ஏனென்றால் அந்த 'ஒரு தடவை' என்பதைக் கம்பெனி தீர்மானிக்கிறது, உங்கள் வீட்டு ஸ்பூன் தீர்மானிப்பதில்லை.

ராகி, பாதாம், 5 தானியம் என்று முன்னால் பெரிதாகப் படம் போட்டிருந்தால், அது எத்தனை சதவீதம் என்று பின்னால் எழுதியாக வேண்டும். படம் போட்டு முக்கியப்படுத்திய பொருளின் அளவைச் சொல்ல வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதி. ராகி பிஸ்கட்டைத் திருப்பினால் கோதுமை மாவோ மைதாவோ முதலில் இருக்கும், ராகி எங்கேயோ கீழே ஒற்றை இலக்கத்தில் இருக்கலாம். மாம்பழ பானத்துக்கும் இதேதான். முன்னால் மாம்பழம் சாறு ஒழுக நிற்கும், ஆனால் 'ஃப்ரூட் டிரிங்க்' என்ற பெயருக்கு 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் சட்டத்துக்குப் போதும். பச்சை வட்டத்தைப் பார்த்து உடம்புக்கு நல்லது என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. லேபிளில் கட்டாயமாகச் சொல்ல வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். வேறு மொழியிலும் சேர்த்துப் போடலாம், தடை இல்லை, கட்டாயமும் இல்லை. விளைவு என்ன? நம் வீட்டு டி.வி.யில் அம்மா மகனிடம் கொஞ்சு தமிழில் பேசி விற்கிறார். சுவரில் தமிழ், பஸ்ஸின் முதுகில் தமிழ், டப்பாவின் முன்பக்கத்தில்கூடச் சில சமயம் தமிழ். சர்க்கரை எவ்வளவு, யாருக்கு ஒத்துக்கொள்ளாது, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஆங்கிலத்தில், அரிசியில் பாதி அளவு எழுத்தில். வாங்கு என்று சொல்வதற்கு நம் மொழி தெரிகிறது, எச்சரிப்பதற்கு மட்டும் தெரியவில்லை! வடிவமைப்பாளனாகச் சொல்கிறேன், இடம் இல்லை என்பது உண்மை இல்லை. மூன்று நான்கு இடங்களில் திரும்பத் திரும்ப அச்சிடும் பிராண்டு பெயரில் ஒன்றை எடுத்தால் தமிழில் ஒரு சத்துப் பட்டியல் தாராளமாக உட்காரும். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்றால் பாலைப் பாலாகவே கொடுக்கலாம். எடை, வளர்ச்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் டப்பாவிடம் கேட்காமல் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

99, 199, 999 என்று விலை வைப்பது இன்னமும் பலிக்கிறதா? எல்லோருக்கும்தான் தெரியுமே.
*வாசகர், தஞ்சாவூர்*

தெரிந்தாலும் பலிக்கிறது. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், முதல் இலக்கம் மனதில் உட்கார்ந்த பிறகுதான் மற்றதைப் பார்க்கிறோம். பாட்டா செருப்புக் கடையின் 95 காசு விலைகள் நம் தாத்தா காலத்துக் கேலிப்பேச்சு, ஆனால் கேலி செய்துகொண்டே வாங்கினார்கள்.

வாங்கியது ஐஸ்கிரீம் என்று நினைத்தேன், டப்பாவில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
*வாசகி, ஈரோடு*

இல்லை. ஐஸ்கிரீம் என்று எழுத வேண்டுமானால் கொழுப்பு பாலிலிருந்து வந்திருக்க வேண்டும். தாவர எண்ணெய் சேர்த்தால் ஐஸ்கிரீம் என்ற பெயரைப் பயன்படுத்தக்கூடாது, ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் போட வேண்டும். இந்த வித்தியாசத்தை வைத்து அமுல் ஒரு விளம்பரம் எடுத்து, அதை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் 2017-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே போனது. ஃப்ரோசன் டெசர்ட் சாப்பிடக்கூடாத பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் அதே பெட்டி, அதே கூம்பு, அதே கிரீம் படம், பெயர் மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில். எல்லா முதலீடும் படத்தில் இருக்கிறது, உண்மை ஓரத்தில் இருக்கிறது. படம் பேசும்போது நாம் எழுத்தைத் தேடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். நகைக்கும் பட்டுக்கும் கடை கடையாக ஏற வேண்டும். 'சேதாரம் இல்லை', '50% தள்ளுபடி' என்றெல்லாம் பார்க்கும்போது தலை சுற்றுகிறது. எதைக் கவனிப்பது?
*வாசகர், சேலம்*

முதலில் கல்யாணத்துக்கு என் வாழ்த்துகள்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். நகைக்கடையில் தங்கம் இருக்கும் பக்கம் மஞ்சள் வெளிச்சம், வைரமும் வெள்ளியும் இருக்கும் பக்கம் வெள்ளை வெளிச்சம். சிவப்பு வெல்வெட், ரோஸ் நிறத் தாள் எல்லாமே மஞ்சளை இன்னும் மஞ்சளாகக் காட்டத்தான். பட்டுக்கும் அப்படியே, உள்ளே பார்த்த மாம்பழ மஞ்சள் வெளியே வந்தால் வேறு மஞ்சள். நம் பெண்கள் புடவையை வாசல் பக்கம் எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்களே, அதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது. விற்பனையாளர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

'சேதாரம் இல்லை' என்றால் அந்தத் தொகை வேறு எங்கே போயிருக்கிறது என்று கேளுங்கள். செய்கூலியில் ஏறியிருக்கலாம், கல் விலையில் ஏறியிருக்கலாம். கல்லோடு சேர்த்து எடை போட்டுத் தங்க விலை போடுகிறார்களா, கல் எடையைக் கழிக்கிறார்களா என்பதைப் பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விளம்பரப் பலகையில் ஒரு எண்தான் இருக்கும், பில்லில் நான்கைந்து எண் இருக்கும், கடைகளை ஒப்பிட வேண்டியது பில்லின் கடைசித் தொகையை வைத்து. தரத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 6 எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால் அது எந்தத் தரம், எங்கே சோதித்தது என்று வந்துவிடும். கடையில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். பட்டுக்கு சில்க் மார்க் சீட்டு இருக்கிறது, ஆனால் அது நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும்தான், ஜரிகைக்கு இல்லை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

தள்ளுபடிப் பலகையில் 50% என்ற எண்ணை மாடி உயரத்துக்கு எழுதி, 'வரை' என்பதை மடித்து ஓரத்தில் செருகியிருப்பார்கள். அந்தச் சின்ன 'வரை'தான் சட்டத்திடமிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறது. கடை முழுக்க 10 சதவீதம், மூலையில் ஒரு அலமாரிக்கு மட்டும் 50 என்றாலும் பலகை பொய் சொல்லவில்லை.

பஸ் டிக்கெட், ஓட்டல் அறை பதிவு செய்யும் செயலிகளில் 'இன்னும் 1 அறைதான்', '12 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்து அவசரப்படுத்துகிறது. கடைசியில் பணம் கட்டும்போது நான் கேட்காத இன்ஷூரன்ஸ் சேர்ந்திருக்கிறது. இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

இருக்கிறது. இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. நீங்கள் சொன்ன பொய் அவசரம் அதில் முதல் வகை, கேட்காததைக் கூடையில் போடுவது இன்னொன்று. முதலில் குறைந்த விலை காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது, சேருவது ஒரு தட்டில் முடிந்து விலகுவதற்கு மட்டும் எட்டுப் பக்கம் தாண்ட வேண்டிய சந்தா, எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. கூச்சப்படவைத்து வாங்கவைப்பதும் உண்டு. விமான டிக்கெட்டில் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை 'நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்' என்கிற மாதிரிப் பொத்தானை அழுத்தச் செய்வதை அந்த நெறிகளே உதாரணமாகச் சொல்கின்றன. 2025 ஜூனில் எல்லா இணைய விற்பனைத் தளங்களும் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது.

இவை தற்செயலாக வருபவை இல்லை. 'சரி' பொத்தான் பளிச்சென்ற நிறத்தில், 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில் வெறும் எழுத்தாக இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் இரண்டையும் வரைந்து, எதை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதிகம் பணம் தந்ததை வைத்திருக்கிறார். லேபிள் வரைகிற எனக்கு அந்த எண்ணிக்கை கிடையாது, என் பாக்கெட்டை எத்தனை பேர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. செயலிக்குத் தெரியும், உங்கள் கட்டைவிரல் எங்கே தயங்கியது என்பதுகூடத் தெரியும். அதனால்தான் இதைப் பழைய விளம்பரத்தோடு சேர்த்து ஒன்றாகப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை அப்படி வந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 40 ரூபாய்தானே என்று விடாதீர்கள், அந்த 'தானே'யை நம்பித்தான் அதைச் சேர்க்கிறார்கள்.

என் தங்கை +2 படிக்கிறாள். சிவப்பழகு கிரீம் போட்டால்தான் போட்டோவில் நன்றாக இருப்பேன் என்கிறாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
*வாசகி, திருநெல்வேலி*

இது என்னை வேதனைப்படுத்திய கேள்வி. நம் ஊர்ப் பெண்ணுக்கு அவள் தோலே குறை என்று பல தலைமுறையாக விளம்பரம் சொல்லி வந்திருக்கிறது. முதலில் குறையை உண்டாக்கு, பிறகு அதற்கு மருந்தை விற்றுவிடு என்பதுதான் அந்த மொழியின் அமைப்பு. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து நிறம் போனது, முகம் வெளுத்துக்கொண்டே போகும் அந்த வரிசைப் படங்களின் நினைவு போய்விட்டதா என்றால் இல்லை.

தங்கையிடம் ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள். டெல்லியில் ஒருவர் 2013-இல் இமாமி கம்பெனியின் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கிரீமை 79 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடியே பூசி, நிறம் மாறவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அவர் சரியாகப் பயன்படுத்தவில்லை, பலன் கிடைக்கச் சத்தான உணவு, உடற்பயிற்சி எல்லாம் வேண்டும் என்று கம்பெனி தரப்பு வாதாடியது. அப்படி எதுவும் டப்பாவில் எழுதியிருக்கவில்லை என்று மன்றம் சுட்டிக்காட்டியது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனிக்கு 14.5 லட்சம் ரூபாய் தண்டம் விதித்துத் தீர்ப்பு சொன்னது. விற்கும்போது கிரீம் மட்டும் போதும், கேள்வி கேட்கும்போது உணவும் வேண்டும் பயிற்சியும் வேண்டும்! அவள் புத்திசாலிப் பெண்ணாகத்தான் இருப்பாள், இந்த ஒரு முரணைக் காட்டினால் மற்ற விளம்பரங்களில் அவளே கண்டுபிடிப்பாள். பெயர் தெரியாத கிரீம்களை மட்டும் அவள் வாங்க விடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் பிடிபட்டிருக்கின்றன. அதோடு, அவள் நிறத்தைப் பற்றி வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். விளம்பரம் தனியாக இந்த வேலையைச் செய்யவில்லை.

நாங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறோம். பெரிய கம்பெனி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எங்களுடையது எடுபடவில்லை. '100% சுத்தமானது, இயற்கையானது' என்று பெரிதாகப் போடலாம் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். போடலாமா அண்ணா?
*குழு உறுப்பினர், விருதுநகர் மாவட்டம்*

போடாதீர்கள்மா. '100%' என்பதை லேபிளில் பயன்படுத்துவதை விட்டுவிடும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் எல்லா உற்பத்தியாளர்களுக்கும் சொல்லியிருக்கிறது. சுத்தம், இயற்கை, பாரம்பரியம் போன்றவற்றை எப்போது எழுதலாம் என்பதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், அலமாரியில் இருக்கும் எல்லாப் பாக்கெட்டும் அதையே சொல்கிறது, நீங்களும் சொன்னால் யார் காதில் விழும்?

பெரிய கம்பெனியால் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லலாம். எந்த ஊரில் அரைத்தது, எந்த மாதம் எந்தத் தேதி அரைத்தது என்பதைப் பின்னால் பொடியாகப் போடாமல் முன்னால் போடுங்கள். பெரிய கம்பெனிகள் தேதியை மறைக்கப் பார்க்கும், ஏனென்றால் அவர்கள் சரக்கு கிடங்கில் நாள்கணக்கில் இருந்துவிட்டு வரும். உங்களுடையது போன வாரம் அரைத்தது, அதுதான் உங்கள் பலம். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு, அவ்வளவுதான் சேர்மானம் என்றால் அதையே முன்பக்கத்தில் தமிழில் வரிசையாக எழுதிவிடுங்கள், வேறு வாசகமே வேண்டாம். பட்டியல் அவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உணவு உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, எம்.ஆர்.பி., கிராம் விலை, எத்தனை நாள் வைத்திருக்கலாம், முகவரி, புகாருக்கு ஒரு போன் எண், பச்சை வட்டம், இவை எதையும் விடாதீர்கள். சட்டம் கேட்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு தடவை, வாங்குகிறவருக்காகத் தமிழில் ஒரு தடவை. அந்தத் தமிழ் பின்பக்கம் பெரிய கம்பெனிகளிடமே பெரும்பாலும் இல்லை. பொடியின் நிறம் தெரியும்படி கவரில் ஒரு சின்ன ஜன்னல் விட்டால் நல்லது, ஆனால் அதை வெயில் படும் அலமாரியில் வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள், மிளகாய் நிறம் வெளுத்துவிடும். எழுத்துக்கு இரண்டு நிறம் போதும். தங்க நிற மினுமினுப்பு வேண்டாம், செலவும் அதிகம், படிக்கவும் முடியாது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் லேபிளை உண்மை அளவிலேயே வெள்ளைத் தாளில் ஒரு பிரதி எடுத்து, குழுவில் கண்ணாடி போடும் அம்மா யாராவது இருந்தால் அவரிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியின் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அப்புறம் அந்தப் பிரதியை நம் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.